மூன்றாம் காட்சியின் அழுகை

மார்ச் 4, செவ்வாய்

இயக்குநர் இன்றும் கண்ணை மூடிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார். அழுகையை அந்த அம்மா காதால்தான் பார்ப்பார். மூன்றாம் காட்சி முடிந்த பிறகும் கண்ணைத் திறக்கவில்லை. "தண்ணி வருது. அழுகை வரல" என்றார்.

அந்தக் காட்சியில் எனக்கு வசனமே கிடையாது. படகில் போய்க் காணாமல் போன கணவனின் சட்டையைக் காவலர் கொண்டுவந்து கொடுப்பார். பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடுவார். அதன் பிறகு மேடையில் நான் மட்டும். ஒன்றரை நிமிடம் அழ வேண்டும். பத்தொன்பது வருடமாக நடிக்கிறேன். சண்டை போட்டிருக்கிறேன், பைத்தியமாக அலைந்திருக்கிறேன், இரண்டு தடவை செத்தும் இருக்கிறேன். அழுததில்லை. யாரும் கேட்கவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை.

"அம்மா போயி அஞ்சு மாசம்தானே ஆகுது? அதை நெனச்சுக்கோயேன்" என்றார் இயக்குநர். தலையாட்டினேன்.

அன்றைக்கே நான் அழவில்லை என்று அவரிடம் எப்படிச் சொல்வது? ஆம்புலன்ஸ், சான்றிதழ், தம்பிக்கு விமான டிக்கெட், வந்தவர்களுக்கு நாற்காலி, எல்லாம் என் தலையில். அழ நேரமில்லை என்றுதான் இதுவரை சொல்லிக்கொண்டிருக்கிறேன். நேரம் மட்டும்தான் காரணமா?

மார்ச் 6, வியாழன்

வெங்காயம்: மூக்குதான் ஒழுகியது. தலைவலித் தைலம்: இரண்டு கண்ணும் சிவந்து, வேலை செய்யும் இடத்தில் "கண்வலியோட வராதீங்க, எல்லாருக்கும் ஒட்டிக்கும்" என்று பாதி நாள் விடுப்பு கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

என் பகல் வேலை காது பரிசோதனை. கண்ணாடி அறைக்குள் ஆளை உட்கார வைத்து, ஹெட்ஃபோனில் சின்னச் சின்னச் சத்தங்களை அனுப்புவேன். கேட்டால் அவர்கள் பட்டனை அழுத்த வேண்டும். பாதிப் பேர் கேட்காத சத்தத்துக்கும் அழுத்துவார்கள். காது மந்தம் என்று ஒத்துக்கொள்ள மனசு வராது. அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறேன். நடுவில் எதுவுமே அனுப்பாமல் சும்மா இருப்பேன். அப்போதும் பட்டன் அழுந்தினால் ஆள் மாட்டிக்கொண்டார்.

பொய்யைக் கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவள் நான். ஆனால் ஒரு பொய் அழுகை அழத் தெரியவில்லை.

மார்ச் 8, சனி

ஏப்ரல் 12 அன்று அரங்கேற்றம். "ஏப்ரல் ஆரம்பத்துக்குள்ள வரலைன்னா காட்சியை மாத்தணும். இல்ல, ஆளை மாத்தணும்" என்றார் இயக்குநர். உடை பார்க்கும் பெண் என் சேலை மடிப்பைச் சரி செய்துகொண்டிருந்தாள். அவளுக்கு என் வசனம் எல்லாம் மனப்பாடம் என்பது எனக்கு ஏற்கெனவே தெரியும். அவள் ஏன் நிமிர்ந்தே பார்க்கவில்லை?

காவலராக நடிப்பவர் பகலில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கிறவர். டீ குடிக்கும்போது சொன்னார்: "என்கிட்ட தெனமும் நாலு பேராவது அழுவாங்க. ஒருத்தர்கூட அழணும்னு அழ மாட்டாங்க. அடக்கத்தான் பாப்பாங்க. நீங்க யாராவது அழறதைப் பக்கத்துல இருந்து பாருங்க."

யாரைப் பார்ப்பது? வீட்டிலேயே இருக்கிறாரே என்று பஸ்ஸில் வரும்போதுதான் தோன்றியது.

மார்ச் 11, செவ்வாய்

அப்பா அழுவதை பார்த்தேன். ஐந்து மாதமாக அழுகிறார்தான். ஆனால் சரியாகப் பார்த்தது இன்றைக்குத்தான்.

ஐந்தே காலுக்குப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு "வரேம்பா" என்றேன். அப்பா தொண்டையைச் செருமினார். "இந்த ஃபேன் சத்தம் போடுது. ஆளைக் கூப்பிட்டுக் காட்டணும்" என்றார். 'காட்டணும்' என்ற இடத்தில் குரல் வழுக்கியது. முதலில் வந்தது அழுகைச் சத்தமே இல்லை. எதற்கோ சிரிக்க ஆரம்பித்ததுபோல ஒரு 'ஹ்'. அப்புறம் வாய் திறந்தபடி, சத்தமே இல்லாமல், நீளமாக ஒரு இடைவெளி. வலது கட்டைவிரல் நாற்காலிக் கைப்பிடியைத் தேய்த்துக்கொண்டே இருந்தது, அங்கே ஏதோ அழுக்கு ஒட்டியிருப்பதைப் போல. கண்ணில் தண்ணீர் வந்தது எல்லாவற்றுக்கும் கடைசியில்.

நான் தண்ணீரிலிருந்து தொடங்கிக்கொண்டிருந்தேன்!

"அழாதீங்கப்பா" என்று தோளைத் தொட்டுக்கொண்டு நின்றேன். வாய்தான் அதைச் சொன்னது. கண் கட்டைவிரலில் இருந்தது.

மார்ச் 15, சனி

வந்துவிட்டது. 'ஹ்', இடைவெளி, கட்டைவிரல். கைப்பிடிக்குப் பதில் சட்டையின் காலரைத் தேய்த்தேன். தண்ணீர் கூப்பிடாமலே வந்தது.

இயக்குநர் கண்ணைத் திறந்தார். "நல்லாருக்கு. ஆனா இது உன்னுது இல்ல. யாருது?"

"பஸ்ல ஒருத்தர் அழுதாரு."

ஏன் பொய் சொன்னேன்?

மார்ச் 17, திங்கள்

ஒன்று உறுத்துகிறது. எழுதிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

நான்காம் தேதியிலிருந்து இன்றுவரை பதினான்கு நாள். ஆறு நாள் ஒத்திகை. அதில் ஐந்து நாள் அப்பா அழுதிருக்கிறார். மீதி எட்டு நாளில் ஒரு தடவைகூட இல்லை. காலையில் நான் வேலைக்குக் கிளம்பும்போது அழுகிறாரா? இல்லை. வேலைக்குப் போகாதே என்று யாரும் சொல்ல முடியாது. நாடகத்துக்குப் போகாதே என்று சொல்லலாம். வாயால் சொன்னால் நான் சண்டைக்கு வருவேன் என்பதும் அவருக்குத் தெரியும்.

மார்ச் 18, செவ்வாய்

தம்பியிடம் போனில் கேட்டேன், அப்பா உன்னிடம் அழுகிறாரா என்று.

"எங்கிட்டயா? ஒரு தடவைகூட இல்லக்கா. முட்டி வலி, மழை, பேப்பர்ல தப்பு — இதேதான் பேசுவாரு. நல்லாத்தானே இருக்காரு?"

நல்லாத்தான் இருக்காரு. என்னிடம் மட்டும்தான் நன்றாக இல்லை.

மார்ச் 21, வெள்ளி, காலை

நேற்று ஒத்திகை இல்லை. ஆனாலும் ஐந்தே காலுக்குப் பையை எடுத்தேன். "வரேம்பா" என்றேன். அப்பா தொண்டையைச் செருமினார். மழை வரும் போலிருக்கிறது என்றார். அழுதார்.

நான் தோளைத் தொட்டேன், அழாதீங்கப்பா என்றேன், வெளியே போய்க் கதவைச் சாத்தினேன். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போனேன். சமையலறை ஜன்னலிலிருந்து கூடம் தெரியும். எதுவும் அனுப்பாமல் சும்மா இருக்கும் அதே வழிதான்.

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்தார். எழுந்து போய் டப்பாவிலிருந்து இரண்டு பிஸ்கட் எடுத்தார். பென்சிலைக் காதிலிருந்து எடுத்துப் பேப்பரைப் பிரித்தார். முப்பத்தோரு வருடம் அச்சகத்தில் புரூஃப் பார்த்தவர். இன்னமும் தினம் பேப்பரில் பிழை கண்டுபிடித்து வட்டம் போடாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. ஓரிடத்தில் வட்டம் போட்டுவிட்டுச் சிரித்தார். சிரித்தாரு! நான் வெளிய கொசுக்கடியில நிக்கிறேன், இவரு உள்ள உக்காந்து சிரிக்கிறாரு.

இவ்வளவு நாளா என்னை நிக்க வச்சு வேடிக்கை காட்டியிருக்காரு. ஒவ்வொரு தடவையும் பஸ்ல வழி முழுக்க நெனச்சுக்கிட்டே போயிருக்கேன், அப்பாவைத் தனியா விட்டுட்டுப் போறோமேன்னு. எப்ப இருந்து இது? அம்மா போன அன்னிக்கு அழுதாரே, அதுவும் இதேதானா? — ச்சே. இதை எழுதியிருக்கக் கூடாது. எழுதிட்டேன்.

சரி. அவர் நடிக்கட்டும். நான் ஒன்றும் கேட்கப் போவதில்லை. பார்த்துக்கொண்டே இருப்பேன், எனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்வேன்.

மார்ச் 22, சனி

நேற்று சாயங்காலம் அப்பா அழவில்லை. "போயிட்டு வாம்மா" என்றார். வாசல்வரை வந்தார்.

மார்ச் 26, புதன்

நேற்றும் இல்லை. சனிக்கிழமையும் இல்லை. ஜன்னலில் என்னைப் பார்த்துவிட்டாரா? தம்பி ஏதாவது சொல்லியிருப்பானோ? கேட்டேன். "நான் ஏன்க்கா சொல்லப் போறேன்?" என்றான். பதில் சொல்ல ஏன் அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டான்? லைன் சரியில்லையாம்.

ஒத்திகையில் என் அழுகை ஆறிப்போய்விட்டது. இயக்குநர் கண்ணைத் திறக்காமல் சொன்னார்: "போன வாரம் அழுததையே திருப்பி அழறே." உடை பார்க்கும் பெண்ணைக் கூப்பிட்டு ஓரமாக ஏதோ பேசினார். பொத்தானைப் பற்றியாம். பொத்தானைப் பற்றிப் பத்து நிமிடமா பேசுவார்கள்?

மார்ச் 29, சனி

பையை வேண்டுமென்றே மூன்று தடவை கீழே வைத்து எடுத்தேன். அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

பெற்ற அப்பா அழ மாட்டாரா என்று காத்துக்கொண்டு நின்றிருக்கிறேன். எழுதும்போதுதான் உறைக்கிறது.

மார்ச் 30, ஞாயிறு

காலையில் இந்த நோட்டைப் பின்னோக்கிப் புரட்டினேன். பதினோராம் தேதிப் பக்கம். 'அப்பா அழுவதை பார்த்தேன்.' 'அழுவதை'க்கும் 'பார்த்தேன்'க்கும் நடுவில், கீழே ஒரு சின்னக் கூரை மாதிரி குறி போட்டு, மேலே பென்சிலால் ஒரு 'ப்'.

அந்தக் கையெழுத்து எனக்குத் தெரியாதா? பள்ளிக்கூடக் கட்டுரை நோட்டு முழுக்க அந்தக் கையெழுத்துதான்.

எல்லாவற்றையும் படித்திருக்கிறார். கட்டைவிரல், கணக்கு, ஜன்னல், அம்மா போன அன்றைக்கு… நோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு கூடத்துக்குப் போனேன். நான்தான் கத்த வேண்டும் என்று போனேன். ஏதோ திருடும்போது பிடிபட்டவள் மாதிரி என் குரல்தான் இறங்கியிருந்தது.

"படிச்சீங்களா?"

"பிழை இருந்துச்சு."

"அப்பா!"

"மொத்தம் ஒம்பது இருந்துச்சு. ஒண்ணத்தான் தொட்டேன். கை நிக்கல." பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "படிச்சது தப்புதான்" என்றார். "நீ அப்படிப் பாக்குறியே, என்னத்தைப் பாக்குறன்னு சந்தேகம். எனக்கு ஏதோ நோய் இருக்கு, மறைக்கிறீங்கன்னு நெனச்சேன். தேடிப் பாத்தேன். நோட்டுதான் கெடச்சுது."

எனக்கு இப்போது கோபம் வந்தது. "அப்ப நீங்க நடிச்சது? நான் போனதும் பிஸ்கட் தின்னீங்களே?"

அப்பா பேப்பரை மடித்து வைத்தார். அவர் மடித்தால் ஓரம் ஓரத்தோடு சரியாக இருக்கும். இன்று கோணலாக இருந்தது.

"நீ போனதும் எனக்கு வராதும்மா. உக்காந்து பாத்திருக்கேன். ஆள் இல்லாம எனக்கு அழ வராது. அது நடிப்புன்னா நடிப்புன்னே வச்சுக்கோ." ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். "ஒரு தடவை இரங்கல் விளம்பரத்துல செத்தவரு பேரு இருக்க வேண்டிய எடத்துல அவரு தம்பி பேரு விழுந்துடுச்சு. நான் பாத்து அனுப்பினது. அந்தத் தம்பி நேர்ல வந்தாரு. திட்டல. 'நான் உயிரோடதான் இருக்கேன் சார்'னு மட்டும் சொல்லிட்டுப் போயிட்டாரு. அன்னிக்கு வீட்டுக்கு வந்து அழுதேன். உங்கம்மா பீன்ஸ் நறுக்கிட்டிருந்தா. அழாதீங்கன்னு சொல்லல. நறுக்குறதை நிறுத்தவும் இல்ல. ஆனா எழுந்து போகல. அவ்வளவுதான். அதுக்கப்புறம் எதுன்னாலும் அவகிட்டதான்."

"நான் கிளம்புறப்ப மட்டும் ஏன்?"

"அப்பதானே என் மூஞ்சியைப் பாக்குற. மத்த நேரம் நீ வீட்டுல இருக்கே. பாக்குறதில்ல."

நோட்டை மூடி முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டேன்.

"நீ போகாம இருந்தா நல்லாருக்கும்னும் இருந்துச்சு. இல்லேன்னு சொல்லல. ரெண்டும்தான் இருந்துச்சு. அதுல எது பொய்யின்னு நீயே கண்டுபுடி, நீதான் மெஷின் வச்சுக் கண்டுபுடிக்கிறவளாச்சே." பிறகு குரலைத் தாழ்த்தி, "நீ தோளைத் தொட்டுக்கிட்டு நிப்பியே. ஆறுதலா நிக்கிறேன்னு நெனச்சேன். குறிப்பு எடுத்திருக்கே" என்றார்.

மன்னிச்சுடுங்கப்பா என்று சொன்னேனா, சொல்ல நினைத்தேனா, இப்போது நினைவில்லை.

"அதை மேடையில வைக்காத. அது உங்கம்மாகிட்ட அழுதது. ஊருக்குக் காட்டாத" என்றார்.

சரிப்பா என்றேன்.

(பிழைகளை எண்ணிப் பார்த்தேன். எனக்கு ஆறுதான் கிடைத்தது.)

ஏப்ரல் 1, செவ்வாய்

இயக்குநரிடம் நேராகச் சொன்னேன்: "அந்த அழுகை இனி இல்ல மேடம். அது எங்க அப்பாவுது. திருப்பிக் கேட்டுட்டாரு."

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "அப்ப உங்கிட்ட என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல. ஒண்ணு மட்டும் கேக்கணும். காவலர் வெளிய போக வேண்டாம்."

"போகாம?"

"கையெழுத்து வாங்கினதுக்கு அப்புறமும் பதிவேட்டுல எழுத வேண்டியது இருக்கும்ல? அதை எழுதட்டும். என்னைப் பாக்க வேண்டாம். எதுவும் சொல்ல வேண்டாம். நின்னா போதும்."

காவலராக நடிப்பவருக்கு இது உடனே புரிந்துவிட்டது. ரத்தம் எடுக்கும்போது அவரும் அப்படித்தானாம். அழுகிறவர்கள் முகத்தைப் பார்க்காமல் குப்பியில் பேர் எழுதிக்கொண்டிருப்பாராம்.

நின்றார். எழுதினார். பேனா காகிதத்தில் ஓடும் சத்தம் கேட்டது. சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நான் சும்மா நின்றேன். இந்த மனிதர் எழுதி முடித்துவிட்டுப் போய்விடுவார் என்று தோன்றியது. அவ்வளவுதான் தோன்றியது. அழணும் என்று நினைக்கவில்லை. போகாதீங்க, போகாதீங்க என்று இருந்தது. அப்புறம் எனக்கே தெரியாத ஒரு சத்தம், அடிவயிற்றிலிருந்து, அசிங்கமாக. ஒன்றரை நிமிடத்தைத் தாண்டிப் போய்விட்டதாம். யாரும் நிறுத்தவில்லை.

இயக்குநர் கடைசிவரை கண்ணைத் திறக்கவில்லை. உடை பார்க்கும் பெண் மட்டும் ஓரத்தில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வந்து என் ரவிக்கையில் பிரிந்திருந்த பொத்தானைக் காட்டினாள். ஒரு வாரமாக இதைத்தான் இயக்குநர் தைக்கச் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

ஏப்ரல் 2, புதன்

நேற்று வந்தது யாருடையது? அம்மாவுக்காகவா? அந்தச் சட்டைக்காகவா? அதையும் நம்பத் தயக்கமாக இருக்கிறது. அடுத்த ஒத்திகையிலும் வந்தால் பார்க்கலாம்.

ஏப்ரல் 5, சனி

வந்தது. கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டேன்.

ஏப்ரல் 13, ஞாயிறு

நேற்று அரங்கேற்றம். அப்பா பஸ் பிடித்துத் தனியாகவே வந்திருந்தார். நான்காம் வரிசை, ஓர நாற்காலி. மூன்றாம் காட்சிக்கு முன்னால் திரை இடுக்கில் பார்த்தேன். மடியில் கையைக் கோத்துக்கொண்டு, புரூஃப் பார்க்க வந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறேனா என்று பார்க்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். இருக்கட்டும். நான் அவரைப் பார்க்காததா?

காட்சியில் அவருடையது எதுவும் இல்லை. என் கட்டைவிரல் எங்கே இருந்தது என்றே எனக்குத் தெரியாது.

முடிந்ததும் உடை மாற்றும் அறை வாசலில் வந்து நின்றார். வெளியே ஒட்டியிருந்த போஸ்டரில் ஒரு ஒற்று விட்டுப்போயிருக்கிறது என்றார். சரிப்பா என்றேன். கொஞ்ச நேரம் நின்றார்.

"அந்தப் போலீஸ்காரர் நல்லா நடிச்சாரு" என்றார்.

ஏப்ரல் 26, சனி

நாடகம் மூன்றாவது வாரமாக ஓடுகிறது. ஐந்தரைக்கு மேக்கப்பில் உட்கார வேண்டும். அதற்கு ஐந்துக்குக் கிளம்பினால் போதும். நான் நாலரைக்கே தயாராகிவிடுகிறேன். பையை எடுப்பதில்லை. உடையில் ஏதாவது பிரிந்திருக்கும், அதை எடுத்துக்கொண்டு அப்பாவுக்கு எதிரில் உட்கார்ந்துவிடுகிறேன்.

முதல் இரண்டு நாள் அப்பாவுக்குச் சந்தேகம். "என்ன, நாடகம் நின்னு போச்சா?" என்றார். "நேரம் இருக்குப்பா" என்றேன். நம்பவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார், அப்புறம் தன் கைக்கடிகாரத்தையும் பார்த்தார்.

இன்று நான் பாவாடை ஓரத்தைத் தைத்துக்கொண்டிருந்தேன். அப்பா பேப்பரில் வட்டம் போட்டுக்கொண்டிருந்தார். திடீரென்று, அம்மா ஒரு தடவை அவர் வட்டம் போட்டு வைத்திருந்த பேப்பரில் பக்கத்து வீட்டுக்கு மளிகைச் சாமான் கட்டிக் கொடுத்துவிட்டதைச் சொல்ல ஆரம்பித்தார். பக்கத்து வீட்டுக்காரர் அதைத் திருப்பிக் கொண்டுவந்து, "இதுல ஏதோ ரகசியம் எழுதியிருக்கு சார்" என்று கொடுத்தாராம். சொல்லிக்கொண்டே வந்தவர் நின்றார். தொண்டையைச் செருமினார்.

"நோட்டுல எழுதப் போறியா?"

"எழுதுவேன். பிழை இல்லாம எழுதுறேன்."

'ஹ்' என்று ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா, மற்றதா என்று நிமிர்ந்து பார்க்கவில்லை. நூல் தீர்ந்துவிட்டது. வேறு நூல் எடுத்து ஊசியில் கோத்துத் தைத்துக்கொண்டிருந்தேன். தையல் நேராகவே போகவில்லை. என் மடியில் துணி ஓரிடத்தில் நனைந்து ஊசி வழுக்கியது. அப்பா பேப்பரைப் புரட்டினார். எழுந்து போகவில்லை.

ஐந்தரைக்குப் போக வேண்டியவள் ஆறேகாலுக்குப் போய்ச் சேர்ந்தேன். இயக்குநர் எல்லார் முன்னாலும் திட்டினார். திட்டட்டும்.